முப்பத்தொன்று கழிந்த பிள்ளையும் ஒரு சொட்டு இரத்தமும்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் மாலை, பாடசாலை மண்டபத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நான் கடைசியாக ஏறியது ஒன்பதாம் வகுப்பில், பேச்சுப்போட்டிக்கு. தலைப்பு 'தாய்மை'. பாடமாக்கிக்கொண்டு வந்ததில் பாதி மறந்துபோய், நடுவில் வணக்கம் சொல்லி இறங்கி ஓடினேன். அன்றைக்குச் சிரித்தவர்களில் மூன்று பேரை இப்போது இரண்டாம் வரிசையில் காண்கிறேன். இன்றைக்கும் தாய்மையைப் பற்றித்தான் கதைக்கப்போகிறேன். ஆனால் இந்தமுறை கடதாசி கையில் இருக்கிறது.

நான் முப்பது வருடத்துக்குக் கிட்ட தாதி உத்தியோகத்தராக வேலை செய்தவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதில் பாதிக்காலம் வன்னியில், தாய்சேய் கிளினிக்குகளோடு போனது. விழாவுக்கு ஆறு மாதத்துக்கு முன்னர் ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் அக்கா ஒருவர் தொலைபேசி எடுத்தார். அங்கேயுள்ள கிளை நூற்றாண்டு ஞாபகமாக ஊருக்கு ஏதாவது செய்ய விரும்புகிறதாம். "பிறந்த பிள்ளையளுக்கு எச்.ஐ.வி. இருக்கோ எண்டு ஒரு மணித்தியாலத்தில சொல்லுற மிசின் ஆபிரிக்காவில பாவிக்கினமாம். அதில ஒண்டை வாங்கி வன்னிக்குக் குடுத்தால் என்ன?" என்று கேட்டார்.

நல்ல மனம். நான் உடனே பதில் சொல்லவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததைத்தான் இன்றைக்கு உங்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்லப்போகிறேன். அக்காவும் இணையவழியில் பார்த்துக்கொண்டிருக்கிறா.

முதலில் அந்த மிசின் எதற்கு என்று விளங்கவேண்டும். பெரியவர்களுக்கு விரல் நுனியில் குத்தி, சிறிய பட்டியில் ஒரு சொட்டு இரத்தம் விட்டால் இருபது நிமிடத்தில் கோடு தெரியும் துரிதப் பரிசோதனை இருக்கிறது. அது கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. குழந்தையிடம் இது பிழைத்துவிடும். ஏனென்றால், தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. நல்ல நோக்கத்துக்காக இயற்கை வைத்த சீதனம் அது. தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால், கிருமி தொற்றாத குழந்தையின் இரத்தத்திலும் அந்த எதிர்ப்பொருள் இருக்கும். பதினெட்டு மாதம் வரைக்கும்கூட இருக்கலாம். கோடு விழுந்தால், அது தாயைப் பற்றிச் சொல்கிறதா பிள்ளையைப் பற்றிச் சொல்கிறதா என்று தெரியாது.

ஆகவே பிள்ளைக்குக் கிருமியையே தேடவேண்டும். கொரோனாக் காலத்துக்குப் பிறகு பி.சி.ஆர். என்ற சொல்லை நான் உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதே வகைப் பரிசோதனைதான். குழந்தையின் குதிக்காலில் மெல்லக் குத்தி, சில சொட்டு இரத்தத்தைத் தடித்த வடிதாளில் ஒற்றி, நிழலில் காயவிட்டுத் தபாலில்கூட அனுப்பலாம். குளிர்ப்பெட்டி வேண்டாம். ஆனால் பெரிய ஆய்வுகூடம் வேண்டும். பல நாடுகளில் அது தலைநகரில் மட்டுந்தான் இருக்கிறது. தாள் போய், வரிசையில் கிடந்து, முடிவு திரும்பி வர மாதங்கள் ஆகும்.

அந்த மாதங்களில்தான் பிள்ளைகள் சாகின்றன. கருவிலேயோ பிறக்கும்போதோ தொற்றிய குழந்தைகளுக்கு மருந்து கொடுக்காவிட்டால், மூன்றில் ஒரு பங்கு முதலாவது பிறந்தநாளைக் காண்பதில்லை. பாதிக்கு மேல் இரண்டாவது பிறந்தநாளைக் காண்பதில்லை. பெரியவர்களில் இந்தக் கிருமி வருடக்கணக்காகப் பதுங்கி இருக்கும். குழந்தையில் இரண்டாம், மூன்றாம் மாதத்திலேயே வேலையைக் காட்டிவிடும். தென்னாபிரிக்காவில் செய்து 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அறிகுறி வரும்வரை காத்திராமல் சராசரி ஏழு கிழமை வயதிலேயே மருந்தைத் தொடங்கினால் இறப்பு 76 வீதம் குறைகிறது என்று காட்டியது. ஒரு பரிசோதனை முடிவு ஒரு மாதம் பிந்துவது எங்களுக்கு எரிச்சல். அந்தக் குழந்தைக்கு உயிர்.

அதற்காக வந்ததுதான் அக்கா சொன்ன மிசின். கிளினிக் மேசையில் வைக்கக்கூடிய அளவு. காசநோய்ச் சளிக்குப் பயன்படும் ஜீன்எக்ஸ்பேர்ட் இயந்திரத்திலேயே இதற்கான தனிக் கூட்டைப் போட்டாலும் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் முடிவு வரும். ஆபிரிக்காவின் எட்டு நாடுகளில் இதைப் பாவித்துப் பார்த்த விபரம் 2019இல் வெளியானது. பழைய முறையில் முடிவு தாயின் கைக்கு வர எடுத்த நடுத்தரக் காலம் 55 நாள். புதிய முறையில் அதே நாள். தொற்று இருந்த குழந்தைகளில் இரண்டு மாதத்துக்குள் மருந்து தொடங்கியவர்கள் பழைய முறையில் 43 வீதம், புதிய முறையில் 92 வீதம்.

இதை வாசித்தபோது எனக்கு ஒரு பெண்ணின் ஞாபகம் வந்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நிர்மலா என்ற நுண்ணுயிரியல் மாணவி, தன் பேராசிரியை சுனிதி சாலமன் சொன்னபடி பாலியல் தொழிலாளப் பெண்களிடம் இரத்தம் எடுத்து, அதைப் பத்திரப்படுத்த வேறு இடமின்றித் தன் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்து, பிறகு இரவு ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் முதலில் தெரியவந்தது. இரண்டு பெண்களும் ஒரு ஐஸ்பெட்டியும். அதற்குப் பிறகு எவ்வளவோ முன்னேற்றம். ஆனாலும் உலகத்தின் பல மூலைகளில் ஒரு பிள்ளையின் இரத்தம் இன்னும் பஸ்ஸிலும் ரயிலிலும்தான் போய்க்கொண்டிருக்கிறது.

சரி, அப்படியென்றால் மிசினை வாங்கலாம்தானே?

எங்கள் நாட்டுக் கதை வேறு. இலங்கையில் பெரியவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவானவர்களுக்குத்தான் எச்.ஐ.வி. உண்டு. கர்ப்பிணித் தாய்மாருக்கு சிபிலிசுக்கான வீ.டீ.ஆர்.எல். பரிசோதனை நெடுங்காலமாகச் செய்து வந்தோம். அதோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் சேர்க்கப்பட்டது. முதல் கிளினிக்கில் எடுக்கும் இரத்தத்திலேயே இதுவும் பார்க்கப்படுகிறது, காசில்லாமல். வேண்டாம் என்று சொல்லத் தாய்க்கு உரிமை உண்டு, சொல்பவர்கள் மிகக் குறைவு. சிகிச்சை ஒன்றும் இல்லாவிட்டால், தொற்றுள்ள தாய்மாரின் பிள்ளைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 பேருக்குக் கிருமி போகலாம். தாய் நேரத்தோடு குளிசை தொடங்கினால் அது நூற்றுக்கு ஒன்று இரண்டாக இறங்கிவிடும். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் கடத்தப்படுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் தந்தது. 2015இல் கியூபா முதலில் பெற்றது. தாய்லாந்து 2016இல். நாங்கள் சின்ன நாடு, போரில் அடிபட்ட நாடு. இதை ஒவ்வொரு வீட்டுப் படலையாகத் திறந்து சாதித்தவர்கள் எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள். சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் போகும் அந்தப் பிள்ளைகளில் சிலர் இந்தப் பாடசாலையில் படித்தவர்கள். ஒரு கைதட்டல் தரலாம்.

ஆனால் அது ஒருமுறை எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிடும் சான்றிதழ் அல்ல. தாய்மாரில் நூற்றுக்கு 95 பேராவது கிளினிக்குக்கு வரவேண்டும், பரிசோதிக்கப்படவேண்டும், தொற்றுள்ளவர்கள் மருந்து எடுக்கவேண்டும். தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கவேண்டும்.

இப்படிக் குறைவாக உள்ள இடத்தில் மிசினைக் கொண்டுவந்து வைத்தால் அது மாதக்கணக்காகச் சும்மா இருக்கும். கூடுகள் காலாவதியாகும். பழகிய கை பழக்கம் விட்டுப்போகும். பழுதானால் திருத்த ஆள் வராது. எங்கள் பிள்ளைகளின் மாதிரி கொழும்புக்குப் போவதே புத்தி. போகும் வேகத்தைக் கூட்டினால் போதும். இது என் அபிப்பிராயம், மாற்றுக் கருத்துள்ளவர்கள் தேநீர் நேரத்தில் வந்து சண்டை பிடிக்கலாம்.

அப்படியென்றால் இங்கே தடை எது? அதைச் சொல்லத்தான் நான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

வன்னியில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒட்டுசுட்டானில் இருந்து வவுனியாவுக்கு ஒரு இளம் பெண் பஸ் ஏறினால், கொண்டக்டர் அவளின் சித்தப்பாவோடு படித்தவராக இருப்பார். பக்கத்து இருக்கையில் மாமியின் கூட்டாளி இருப்பா. "எங்க பிள்ளை போறாய்?" என்று கேட்பது இங்கே அன்பு. பதில் சொல்லமுடியாதவளுக்கு அது விசாரணை.

நாட்களைக் கணக்குப் பாருங்கள். தொற்றுள்ள தாயின் பிள்ளைக்கு நாலு முதல் ஆறு கிழமைக்குள் பி.சி.ஆர். பார்க்கவேண்டும். எங்களுக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை தாயும் பிள்ளையும் படி இறங்குவதில்லை. தடுப்பூசிக்குப் போகிறோம் என்று சொல்லவும் வழியில்லை. ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் ஆறாவது கிழமையில் தடுப்பூசி இருப்பதால், தாய்மார் அதோடு சேர்த்து இந்தப் பரிசோதனையையும் யாருக்கும் சொல்லாமல் முடித்துவிடுகிறார்கள். எங்கள் அட்டவணையில் பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டால் அடுத்தது இரண்டாம் மாதம். இடையில் ஒன்றும் இல்லை. ஆக, முப்பத்தொன்று கழிந்த கையோடு, பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் ஏன் நகரத்துக்குப் போகிறாள்? மாமியார் கேட்பா. பக்கத்து வீடு கேட்கும். ஒருமுறை போனால் முடிவதும் இல்லை. முடிவு எடுக்க ஒருமுறை, தொற்று என்று வந்தால் இன்னொரு மாதிரியில் உறுதிப்படுத்த இன்னொருமுறை, ஒன்பதாம் மாதத்தில், பதினெட்டாம் மாதத்தில் என்று போகவேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒவ்வொரு பொய். அன்றே முடிவு தரும் பரிசோதனையைத் தாய்மார் விரும்புவதற்குப் பொறுமையின்மை மட்டும் காரணம் அல்ல. ஒரு பயணம் குறைந்தால் ஒரு பொய் குறைகிறது.

நான் செய்த ஒரு பிழையை இங்கே சொல்லவேண்டும். எந்த இடம், எந்த ஆண்டு என்பது வேண்டாம். ஒரு பிள்ளைத்தாய்ச்சி, தலைப்பிள்ளை. முதல் கட்ட எச்.ஐ.வி. பரிசோதனையில் சந்தேகம் வந்தது. எங்களைப்போல் நோய் குறைந்த நாட்டில் இப்படி வரும் முதல் முடிவுகளில் பல, உறுதிப்படுத்தும்போது இல்லை என்றே ஆகிவிடும். அது எனக்குத் தெரியும். திரும்ப இரத்தம் எடுக்க அவளைக் கூப்பிடவேண்டும். அட்டையில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். மாமியார் எடுத்தா. நான், "கிளினிக்கில இருந்து கதைக்கிறன், மருமகளுக்குத் திரும்ப ஒருக்கா இரத்தம் எடுக்கவேணும், நாளைக்கே அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டேன். நோயின் பேரைச் சொல்லவில்லை. நல்லபடியாகத்தான் கதைத்தேன் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

அந்த 'நாளைக்கே' என்ற சொல் போதுமாக இருந்தது. அவள் வந்தாள், புருசனும் மாமியாரும் கூட வந்தார்கள். "மிஸ், எனக்கு ஏன் திரும்ப? நான் அப்பிடிப்பட்டவளோ?" என்று என் காதுக்குள் கேட்டாள். இரண்டாம் முடிவு வரும்வரை அவள் தாய்வீட்டில் இருந்தாள், அனுப்பிவிட்டார்கள். முடிவு இல்லை என்று வந்தது. கூப்பிட்டு, விளங்கப்படுத்தி, தாளைக் காட்டி அனுப்பினோம். அதற்குப் பிறகு அவள் எங்கள் கிளினிக் பக்கம் வரவே இல்லை. பிள்ளை வேறு மாவட்டத்தில் பிறந்தது என்று கேள்விப்பட்டேன். தொற்று இல்லாத ஒருத்திக்கே ஒரு தொலைபேசி அழைப்பு இவ்வளவு செய்தால், உண்மையில் தொற்றுள்ளவள் ஏன் பிள்ளையைப் பரிசோதனைக்குக் கொண்டுவரப் பயப்படமாட்டாள்? அதற்குப் பிறகு நான், யாருடைய இலக்கம், யார் எடுப்பார்கள், என்ன சொல்லிக் கூப்பிடலாம் என்று முதல் நாளே தாயிடம் தனியாகக் கேட்டு எழுதத் தொடங்கினேன். எந்தப் புத்தகத்திலும் படித்ததல்ல, அவளிடம் படித்தது.

2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு தறப்பாளுக்கு அந்தப் பக்கம் கதைப்பது இந்தப் பக்கம் கேட்கும். அங்கே இரகசியம் என்று ஒன்றை வைத்திருக்கப் பெண்களுக்கு இடமே இருக்கவில்லை. வீடு கட்டி, மதில் கட்டி, படலை போட்ட பிறகும் அந்தத் தறப்பாள் எங்களுக்குள் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதோ என்று சிலவேளை எனக்குத் தோன்றும்.

இப்போது உங்களிடம், எங்களிடம், வருகிறேன். பிள்ளை பிறந்த வீட்டுக்கு நாங்கள் போகிறோம். பத்தியக் கறிக்குப் பால்சுறா வாங்கிக்கொண்டு போகிறோம், பால் ஊறட்டும் என்று. போய் இருந்ததும் முதல் கேள்வி, "பால் குடுக்கிறியோ?" மேசையில் மாப்பால் பேணியைக் கண்டால் அடுத்த கேள்வி, "ஏன் குடுக்கேல்லை?" அதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். எச்.ஐ.வி. உள்ள தாய் எதைக் கொடுப்பது என்பது அவளும் வைத்தியரும் சேர்ந்து முடிவெடுக்கும் விடயம். நாட்டுக்கு நாடு அந்த ஆலோசனையே வேறுபடுகிறது. மருந்து ஒழுங்காக எடுக்கும் தாய் பால் கொடுக்கட்டும் என்று பல வறிய நாடுகளில் சொல்கிறார்கள், சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் புட்டிப்பால் வேறு ஆபத்து என்பதால். மாப்பால் கொடுக்கும்படி சொல்லப்பட்ட தாய்மாரும் உண்டு. ஆனால் காரணம் முலைக்காம்பு வெடிப்பாகவும் இருக்கலாம், வேறு நோய்க்கான குளிசையாகவும் இருக்கலாம். நாங்கள் கேட்கும் அந்த ஒரு கேள்விக்கு அவள் பத்துப் பேரிடம் பத்துத் தடவை பதில் சொல்லவேண்டும். பிள்ளைக்குக் கொடுக்கும் பாணிமருந்துப் போத்தலை, முதல் சில கிழமைகளுக்குக் கொடுக்கவேண்டிய அதை, அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கவேண்டும். ஒளித்த மருந்து நேரத்துக்குக் கொடுபடாது.

அக்காமாரே, அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுங்கள். பால்சுறாவைக் கொடுத்துவிட்டுப் பிள்ளை வடிவாக இருக்கு என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் ஆசிரியைகள், அதிபர்களும் இருக்கிறீர்கள். 2016இல் குளியாப்பிட்டியப் பக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்றைப் பாடசாலையில் சேர்க்க விடாமல் பெற்றோர்கள் எதிர்த்தார்கள். தகப்பன் எயிட்சில் இறந்தார் என்று ஒரு வதந்தி. பிள்ளைக்கு எச்.ஐ.வி. இல்லை என்ற பரிசோதனைத் தாள் தாயின் கையில் இருந்தது. தாள் எடுபடவில்லை. மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை மறித்தார்கள். கடைசியில் கண்டி திருத்துவக் கல்லூரி அந்தப் பிள்ளையை ஏற்றது. அதே வருடம் ஏப்ரலில் உயர் நீதிமன்றம், எச்.ஐ.வி. இருந்தாலும் பிள்ளைக்குக் கல்வி உரிமை உண்டு என்பதைப் பதிவு செய்தது.

சட்டம் சரியான பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தியை முல்லைத்தீவில் ஒரு வீட்டில் ஒரு தாய் ரீவியில் பார்த்திருப்பா. இல்லை என்ற தாளுக்கே மதிப்பில்லை என்றால், இருக்கு என்று வந்தால் என் பிள்ளையின் கதி என்ன என்று நினைத்திருப்பா. குழந்தையின் குதிக்காலில் குத்தவிடுவதா இல்லையா என்று அவள் முடிவெடுக்கும்போது ஆறு வருடம் தள்ளி நிற்கும் பாடசாலை வாசலும் அவள் கண்முன் நிற்கிறது. அந்த வாசலில் நிற்பது நீங்கள்.

அதுபற்றி ஒரு விபரம், ஆசிரியைகளுக்காக. இந்தக் கிருமி ஒன்றாக இருந்து சாப்பிடுவதால், விளையாடுவதால், ஒரே கழிவறையைப் பாவிப்பதால், நுளம்பு கடிப்பதால் பரவாது. மருந்து எடுக்கும் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போல் வளரும், பரீட்சை எழுதும், நாளைக்குக் கலியாணம் முடித்துத் தொற்றில்லாத பிள்ளையும் பெறலாம். எந்தப் பிள்ளைக்கு இருக்கிறது என்று பாடசாலைக்குத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை. எந்தப் பிள்ளை விழுந்து இரத்தம் வந்தாலும் கையுறை போட்டுத் துடையுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே முறை.

ரொறன்ரோ அக்காவுக்கு என் பதில் இதுதான். மிசின் வேண்டாம், அக்கா. காசு சேர்ந்திருந்தால் இரண்டு விடயம் சொல்கிறேன். ஒன்று, தூர இடங்களில் இருந்து வைத்தியசாலைக்கு வரும் தாய்மாருக்குப் பயணச் செலவு. என்ன நோய் என்று கேட்காமல், எந்தத் தாயும் பிள்ளையும் வந்தாலும் கொடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். எச்.ஐ.வி.க்கென்று தனியாக வைத்தால், அதை வாங்க வரிசையில் நிற்பவளை ஊர் பார்த்துவிடும். மற்றது, சுகாதார வைத்திய அதிகாரியோடு கதைத்து, கிராமத்துக் கிளினிக்குகளில் ஒரு சின்ன அறைக்குக் கதவு போடுங்கள். சீலை இல்லை, பலகைக் கதவு. உள்ளே கதைப்பது வெளியே கேட்கக்கூடாது. பேர்ப்பலகை வேண்டாம். எங்கள் சங்கத்தின் பெயரைக்கூட எழுதவேண்டாம் என்றுதான் சொல்வேன், செயலாளர் கோவிக்கமாட்டா என்று நம்புகிறேன்.

பின்வாங்கில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் அக்காவோ மச்சாளோ பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால், முதல் மூன்று மாதத்துக்குள் கிளினிக்கில் பதியச் சொல்லுங்கள். இரத்தம் எடுக்கும்போது என்னென்ன பார்க்கிறீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள், சொல்வார்கள். பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனை, ஆலோசனை, மருந்து எல்லாம் இலவசம். வைத்தியரின் கடிதம் தேவையில்லை, நேரே போகலாம். போனால் பெயரை வெளியே சொல்லமாட்டார்கள்.

நேரம் முடிந்துவிட்டது என்று தலைவி மணிக்கூட்டைக் காட்டுகிறா. இந்தமுறை மறக்காமல் முழுவதும் சொல்லிவிட்டேன்.